ஏரி சுற்றியவளும் பூசணி சுற்றியவளும்

1

திண்டிவனத்தில் இந்தக் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்று எனக்குத் தெரியும். மலைக்கு ஹெலிகாப்டர் வந்ததாம், என்னைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதாம், என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டதாம். மூன்றும் பொய். ஹெலிகாப்டர் வரவில்லை, சிவப்பாக ஒரு வேன்தான் வந்தது. போலீஸ் என்னைப் பிடிக்கவில்லை, கையில் துடைப்பத்தைக் கொடுத்தது. வீட்டுக்காரரின் வேலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் அதற்காக வருத்தப்படுகிறார்.

இதையெல்லாம் பரப்பியவள் என் அக்கா வளர்மதி. நடந்ததை அவளுக்கு நான் போனில் சொன்னது காலையில். சாயங்காலத்துக்குள் அது கிளியனூரைத் தாண்டிவிட்டது. மறுநாள் விழுப்புரத்தில் என்னோடு கல்லூரியில் படித்த ஒருத்தி, பல வருஷமாகப் பேச்சே இல்லாதவள், குரல் செய்தி அனுப்புகிறாள்: “ஏ சுமதி, உம்பொண்ணு ரத்த வெள்ளத்துல கெடந்தாளாமே, இப்ப எப்படி கீறா?”

என் பெண் நன்றாக இருக்கிறாள். அந்த வெள்ளம் என்னுடையது. இனிமேலும் கதை வளர்வதற்குள் நானே எழுதிவிடுவது எல்லோருக்கும் நல்லது. இந்த ஜூலையோடு ஒரு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் சாலையில் சிவப்பாக எதையாவது பார்த்தால், அது யாரோ கொட்டிய தக்காளி சாஸாக இருந்தாலும், நின்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

நாங்கள் இருப்பது பிரான்சின் கிழக்கு ஓரத்தில், சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் ஒரு சிறிய ஊரில். என் வீட்டுக்காரர் பாண்டிச்சேரிக்காரர். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் குடும்பத்துக்கே அந்த நாட்டுக் குடியுரிமை. பெண் பார்க்க வந்தபோது ‘மாப்பிள்ளை பிரான்ஸ்’ என்ற சொல்லைக் கேட்டு எனக்கு முன்பே தலையாட்டியவள் அக்காதான். நான் கணிதம் படித்தவள். இங்கே ஒரு பள்ளிக்கூட உணவுக்கூடத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். கணிதம் படித்தவள் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்கு அது நினைவில்லை.

2

எங்களுக்கு ஒரே பெண், இனியா. போன வருஷம் அவளுக்குப் பத்தொன்பது. அவளுடைய தமிழ் முழுக்க என்னிடமிருந்து வந்தது. அதனால் பிரெஞ்சில் யோசித்துத் திண்டிவனத்தில் பேசுவாள். பேசுவது குறைந்துகொண்டே வருகிறது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் செருப்பைக் கழற்றும் முன்பே கொட்டிவிடுவாள். இப்போது நான் தமிழில் நான்கு வரி கேட்டால் பிரெஞ்சில் ஒரு சொல் பதிலாக வரும். அது பெரும்பாலும் ‘ம்’ என்பதாகவே இருப்பதால் எந்த மொழி என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் முழு வாக்கியமாகப் பேசினாள்.

“சனிக்கெழம நான் சைக்கிள்ல போறேன். மலை மேல ஒரு ஏரி கீது. அத்தச் சுத்தி. ராத்திரி டென்ட்ல படுத்துக்கினு மறுநாள் வந்துடுவேன்.”

“யாரு கூட?”

“சைக்கிள் கூட.”

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க இன்னா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?”

“போவட்டும் வுடு. கால் கீது, சைக்கிள் கீது.”

“புத்தி கீதா?”

“அது உங்கூட்டுப் பக்கத்துலருந்து வர வேண்டியது.”

அவள் சொன்னது ஏரிகூட இல்லை, நீர்த்தேக்கம். எனக்குத் தெரிந்த நீர்த்தேக்கம் வீடூர் அணை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில் உள்ளே திரும்ப வேண்டும். சின்ன வயதில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவோம். தண்ணீர் இருந்தால் தண்ணீரைப் பார்ப்போம், இல்லாவிட்டால் மதகைப் பார்ப்போம், சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அங்கே கீழே விழவேண்டுமென்றால் நாமாக முயற்சி செய்ய வேண்டும். இந்த அணை அப்படியில்லை. இரண்டு மலைகளுக்கு நடுவே சுவர் எழுப்பி ஆற்றை மறித்திருக்கிறார்கள். சாலை ஏரியின் ஓரமாகவே போகாமல் கொண்டை ஊசி வளைவுகளாக மேலே மேலே ஏறி, மேகத்துக்குள் ஒரு கணவாயைத் தொட்டுவிட்டு மறுபக்கம் இறங்குகிறது. ஊரில் கிலோமீட்டர் கல் எவ்வளவு தூரம் என்று சொல்லும். இங்கே சைக்கிள்காரர்களுக்காகவே கல் நட்டிருக்கிறார்கள், அது அடுத்த கிலோமீட்டர் எவ்வளவு கஷ்டம் என்று சொல்கிறது. அதைப் படித்துவிட்டும் மேலே போகிறவர்களை என்ன செய்வது?

சுமையைக் குறைக்க வேண்டும் என்று இனியா பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக ஒடித்துவிட்டாள். சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்கும் பைகளில் எதை வைத்தாலும் முதலில் தராசில் வைத்துப் பார்த்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் ஒரு பையின் அடியில் மல்லாட்டை உருண்டைகளை, மற்ற ஊரில் கடலை உருண்டை என்பார்களே அவற்றை, அடுக்கினேன். பிரஷ்ஷில் மிச்சப்படுத்திய எடையை அவை பல மடங்காகத் திருப்பிக் கொடுத்தன.

3

அக்காவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

“ஒத்தப் பொண்ண மலைக்கு அனுப்பறியே, சுத்திப் போட்டியா?” என்றாள் வீடியோவில். முகம் பாதிதான் தெரிந்தது, மீதி விட்டத்து மின்விசிறி.

“எங்கக்கா, அவ கிட்டக்க வுட மாட்டா.”

“அவள ஏன்டி கேக்கற? சைக்கிளச் சுத்து. புது வண்டி எடுத்தா சுத்தறோம் இல்ல? பூசணிக்காயில ஓட்ட போட்டு, குங்குமம் கரைச்சி ரொப்பி, ஒரு காசு போடு. மூணு சுத்து சுத்து. முச்சந்தில ஒடச்சிட்டு திரும்பிப் பாக்காம வந்துடு. இதுக்குப் போயி ஏன் பேஜாரு?”

பூசணிக்காய்க்கு என்னவெல்லாம் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. திண்டிவனத்தில் ஒரு ஆயுதபூஜைக்கு மறுநாள், பஸ் ஸ்டாண்டு எதிரில் யாரோ கடைக்காரர் உடைத்துப்போட்டிருந்த பூசணியில் என் சித்தப்பாவின் டிவிஎஸ் 50 வழுக்கியது. கடைக்காரருக்குத் திருஷ்டி கழிந்தது, சித்தப்பாவுக்கு முழங்கால் நழுவியது. மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு அந்தக் கடைக்காரரின் பரம்பரையையே திட்டினார். அடுத்த வருஷம் கால் சரியாகி, புதிதாக ஒரு வண்டி வாங்கி, அதற்கு முதல் வேலையாக அவர் செய்தது, அதே முச்சந்தியில் அதைவிடப் பெரிய பூசணிக்காயாகப் பார்த்து உடைத்ததுதான். எங்கள் வீட்டில் யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை. நானும் கை தட்டினேன்.

இங்கே பூசணிக்காய்க்கு அரை மணி நேரம் காரில் போய் இலங்கைத் தமிழர் ஒருவரின் கடைக்குள் நுழைய வேண்டும்.

“நீத்துப் பூசணியோ? கறிக்கோ, உடைக்கவோ?” என்று கேட்டார் கடைக்காரர்.

“கொழம்புக்குத்தாங்க.”

“அப்ப வெட்டித் தாறன். முழுக்காய் தூக்க ஏலாது.”

“வேணாங்க, முழுசாவே குடுங்க.”

அவர் முழுக்காயையே எடுத்துத் தந்தார். பணத்தை வாங்கிக்கொண்டு, பைக்குள் காயோடு ஒரு கற்பூர டப்பாவையும் வைத்து, “குழம்புக்கு” என்றார்.

4

அணை எங்கள் வீட்டிலிருந்து தூரம் என்பதால், அதுவரை காரில் கொண்டுவந்து விடுவதற்கு மட்டும் இனியா அனுமதித்திருந்தாள். காரின் பின்னால் போர்வைக்கு அடியில் காய் இருந்தது. வளைவுகளில் அது உருண்டு இடித்த சத்தம் கேட்டு, “பின்னாடி இன்னா அது?” என்றார் வீட்டுக்காரர். “ஸ்டெப்னி” என்றேன்.

அணைக்கட்டின் பக்கத்தில் வண்டிகள் நிறுத்தும் இடம். அங்கே இனியா கழற்றி வைத்திருந்த சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தி, பைகளை மாட்டி, காற்றுப் பார்த்துவிட்டுக் கழிவறைக்குப் போனாள். எனக்குக் கிடைத்த நேரம் அதுதான். காயை எடுத்து, வீட்டிலேயே போட்டுவைத்திருந்த ஓட்டைக்குள் குங்குமத் தண்ணீரை ஊற்றிக் காசையும் போட்டேன். கற்பூரம் மலைக்காற்றில் நிற்கவே இல்லை. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு வந்து, தன் கோட்டை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் வீடாகவே கட்டிய ஒரு வேனிலிருந்து வயதான தம்பதி நாற்காலியோடு இறங்கி வந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது சுற்று முடிந்ததும் அந்த அம்மாள் கைதட்டினாள்.

இனியா திரும்பி வந்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

“இன்னா வாசன?”

“மலை வாசன.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சொன்னாள்: “ரெண்டு பேரும் நேரா ஊட்டுக்குப் போங்க. பின்னாடி வராதீங்க. போன் பண்ணாதீங்க. மேல போயிட்டு நானே பண்றேன்.”

மூன்றுக்கும் சரி என்றோம். அவள் அணையின் மேல் போகும் சாலையில் ஏறி, தண்ணீர் ஒரு பக்கமும் பாதாளம் மறுபக்கமுமாகச் சுவரின் மேலேயே போய், மறுகரையில் ஏரிச் சாலையோடு சேர்ந்து வலது பக்கம் திரும்பி, மரங்களுக்குள் மறைந்தாள்.

அணைச் சாலை ஏரிச் சாலையில் சேரும் அந்த இடம் அருமையான முச்சந்தி. நம் ஊராக இருந்தால் அதற்கென்றே ஒரு பிள்ளையார் வந்து உட்கார்ந்திருப்பார். காரை அங்கே கொண்டுபோகச் சொன்னேன். காயைத் தலைக்கு மேல் தூக்கி நடுச்சாலையில் போட்டேன். நல்ல காய், ஒரே அடியில் சிதறியது. திரும்பிப் பார்க்காமல் வந்து, தண்ணீர் பாட்டிலால் காலைக் கழுவிக்கொண்டு காரில் ஏறினேன். நான் திரும்பிப் பார்க்காததைப் பார்த்து, அவரும் கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினார்.

நம் பக்கத்தில் சாலை என்றால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது. திண்டிவனத்தில் உடைத்தது விழுப்புரத்தில் வந்து காலை வாராது. ஏரியைச் சுற்றும் சாலை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். மறுநாள் என் மகள் அத்தனை மலையையும் இறங்கி, முழு வேகத்தில் வந்து சேரப்போவது இதே முச்சந்திக்குத்தான் என்பது வட்டத்தின் சுற்றளவைப் பற்றி விழுப்புரத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தேறிய எனக்குத் தோன்றவில்லை.

5

நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அணையின் இந்தப் பக்கம் ஒரு காபிக் கடை இருந்தது. ஒரு காபி என்றேன். பிறகு இன்னொன்று என்றேன். அங்கே உட்கார்ந்தால் எதிர்மலையின் சாலை கோடு போலத் தெரியும். ஒரு புள்ளியாவது தெரியாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முச்சந்தி மட்டும் ஒரு பாறைக்குப் பின்னால் மறைந்திருந்தது.

சிவப்பு வேன் ஒன்று சைரனோடு கடையைத் தாண்டி அணை மேல் போனது. கடைக்காரப் பெண் போனில் யாரிடமோ பேசிவிட்டு எங்கள் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னாள்: அந்தப் பக்கம் சந்திப்பில் ஒரு சைக்கிள்காரர் விழுந்து கிடக்கிறாராம், சாலையெல்லாம் ரத்தமாம்.

இனியாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எத்தனை முறை என்று அவள் போனில் இருக்கிறது, நான் எண்ணவில்லை. அணையின் மேல் ஓடிக்கொண்டே செய்தேன். பின்னால் ஓடிவந்த வீட்டுக்காரரின் போன் அடித்தது. எங்கள் அழைப்புகளைப் பார்த்துவிட்டு இனியாதான் கூப்பிடுகிறாள் என்று பார்க்காமலே அவர், “யாராருந்தாலும் அப்புறம் பேசுங்க, ரோடெல்லாம் ரத்தம், சுமதி வுழுந்துடுவா போல கீது” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

முச்சந்தியில் பட்டை போட்ட கூம்புகளை வைத்திருந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர், நீலச் சட்டைக் காவலர் ஒருவர். சைக்கிள் ஒன்று குப்புறக் கிடந்தது. அதன் பக்கத்துப் பைகள் என் மகளுடைய பைகளின் நிறம். இந்த நாட்டில் மலையேறும் சைக்கிள்காரர்கள் எல்லோரும் அதே நிறப் பையைத்தான் வாங்குகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியாது. பையைப் பார்த்தேன். சாலையைப் பார்த்தேன். அந்தச் சிவப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஓரத்துக் கல்லில் ஒரு கிழவர் ஒரு காலில் ஷூ இல்லாமல் உட்கார்ந்திருந்தார். தன் எதிரில் பரவியிருந்த சிவப்பை மரியாதையோடு பார்த்து, இவ்வளவும் தன்னிலிருந்தா வந்தது என்று தீயணைப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையன் அவரைத் தலையிலிருந்து கால்வரை தேடியும் ஒரு கீறலைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் திணறினான். கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது. இன்னொருவர் தரையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

வீட்டுக்காரர் குனிந்து, தோலோடு ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். என் காதருகே வந்தார்.

“சுமதி, எழுந்திரு. இது நம்ம காய்.”

“பாப்பா எங்க?”

“பாப்பா மலை மேல கீது. இது காய்டி, பூசணிக்காய்!”

“அப்ப இந்த ரத்தம்?”

“நீ ரொப்பின குங்குமம். ஜல்தியா எழுந்திரு, யாரும் நம்மளப் பாக்கல, நைசா போயிடலாம்.”

போயிருக்கலாம். ஆனால் கால் எழவில்லை. எழுந்திருந்தாலும் என் பின்பக்கம் முழுவதும் சாட்சி சொல்லியிருக்கும்.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். காவலர் என்னை அந்தக் கிழவரின் மனைவி என்று நினைத்து ஆறுதலாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து பிரேக் தேயும் சத்தம் கேட்டது. இனியா. சைக்கிளைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடிவந்து, என் எதிரே முழங்காலிட்டு, என் தலையை இரண்டு கையாலும் தடவினாள். கழுத்து, தோள், கை என்று தேடினாள்.

“எங்கம்மா? எங்க அடிச்சிக்கினே? எங்க?”

நானும் அவளைத் தேடிக்கொண்டிருந்தேன். இவளுக்கு ஒன்றும் இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னது காதில் விழுந்தும், கை நிற்கவில்லை. நான் தொட்ட இடமெல்லாம் அவள் சிவந்தாள், அவள் தொட்ட இடமெல்லாம் நான். அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் எனக்காக நடுங்கியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் தப்பாக நினைக்கக்கூடாது.

பிறகு அவள் தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். கொலுவிலும் பொங்கலிலும் பார்த்த நிறம், தெரிந்த வாசனை. வந்த அழுகை பாதி வழியில் நின்று திரும்பிப் போனது.

“அம்மா,” என்றாள். “மலை வாசனன்னு சொன்னியே.”

6

காவலர் குறிப்பேட்டை எடுத்தார். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த என் பிரெஞ்சு அந்த நேரத்தில் என்னை விட்டுவிட்டு ஓடிவிட்டது. மீதியிருந்ததில் நான் அவரை ‘நீ, உன்’ என்று பேசிக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். இனியா மொழிபெயர்த்தாள். சின்ன வயதிலிருந்தே எங்களுக்காக அரசாங்க அலுவலகங்களில் அவள்தான் பேசுவாள். நாங்கள் சொல்லும் அசட்டுத்தனங்களை வழியிலேயே கொஞ்சம் திருத்தி அந்தப் பக்கம் கொடுப்பாள். அன்றைக்கு ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

“இது யாரோடதுன்னு கேக்கறாரு.”

“என்னோடது.”

“ஏன் ரோட்ல போட்டேன்னு கேக்கறாரு.”

“போடல. ஒடச்சேன்.”

“தவறி வுழுந்துச்சா?”

“இல்ல. தலைக்கு மேல தூக்கித்தான்.”

காவலர் எழுதினார். வீட்டுக்காரர், “இது எங்க வழக்கம், ஒரு பாதுகாப்பு மாதிரி” என்று நடுவில் புகுந்தார். காவலர் பேனாவை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். இனியா என் பக்கம் திரும்பினாள்.

“எதுலருந்து பாதுகாப்புன்னு கேக்கறாரு. எது நடக்கக் கூடாதுன்னு ஒடச்சே?”

நான் சுற்றிலும் பார்த்தேன். சிவப்பு வேன், கூம்புகள், குப்புறக் கிடந்த சைக்கிள், கிழவரின் வீங்கிய கால், கன்னமெல்லாம் குங்குமத்தோடு என் மகள்.

“இதான்,” என்றேன். “இந்த மாதிரி எதுவும் நடக்கக் கூடாதுன்னு.”

அவள் அதை அப்படியே சொன்னாள். காவலர் எழுதவில்லை. முதலில் சிரித்தது கிழவர்தான். சிரிக்கும்போது கணுக்கால் வலித்திருக்க வேண்டும், ‘ஐயோ’ என்று பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். பிறகு தீயணைப்புக்காரர்கள். கடைசியாகக் காவலர், முகத்தைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு.

காபிக் கடையிலிருந்து வந்த துடைப்பத்தைக் காவலர் என் கையில் கொடுத்தார். நான் கூட்டினேன், வீட்டுக்காரர் கேனில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கிழவரின் பெயர் மோரிஸ். காரிலிருந்து கொண்டுவந்த எங்கள் மடக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அங்கே ஒரு விதை, இதோ இங்கே ஒரு விதை என்று காட்டிக்கொடுத்தார். பொதுச் சாலையில் வீட்டுக் குப்பையைக் கொட்டியதாகப் பின்னால் ஊராட்சியிலிருந்து ஓர் அபராத அறிவிப்பு வந்தது. அது குப்பையல்ல, அன்றைக்குத்தான் பயன்படுத்தப்பட்ட புத்தம்புதுக் காய் என்று வீட்டுக்காரர் முறையீடு எழுதினார். பதில் இன்னும் வரவில்லை.

நான் கூட்டி முடித்தபோது இனியா தன் சைக்கிளைத் தூக்கி நிறுத்திச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

“இனிமே எங்க போறேன்னு சொல்ல மாட்டேன்மா,” என்றாள், நிதானமாக. “நீயும் கேக்காத.”

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே வரை ஏறிவிட்டிருந்தாளாம். அத்தனையும் எங்களுக்காக இறங்கி வந்தவள், மறுபடியும் முதல் கல்லிலிருந்து ஏறப் புறப்பட்டாள்.

7

மோரிஸின் கூடாரம் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்தக் காலோடு அவர் மிதிக்க முடியாது. கொண்டுபோய் விடுவது நியாயம் என்று நாங்கள் சொன்னோம், அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். அவருடைய சைக்கிளைக் காரின் பின்னால் திணித்தோம். போகிற வழி ஒன்றே ஒன்றுதான்: இனியா போன சாலை.

கொடுத்த மூன்று வாக்குகளில் இரண்டு ஏற்கெனவே உடைந்திருந்தன. பின்னால் வராதே என்ற மூன்றாவதும் இப்படிக் காவலரின் சாட்சியோடு உடைந்தது. எனக்கு உள்ளூர ஆனந்தம்.

பல வளைவுகள் கழித்து அவளைப் பார்த்தோம். அதற்கு முன் அவள் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததெல்லாம் எங்கள் தெருவில்தான். இங்கே பின்னாலிருந்து பார்த்தேன். எட்டு சதவீத ஏற்றம் என்று போட்டிருந்த கல்லைத் தாண்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிச் சாய்ந்து சாய்ந்து போவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். இல்லை. ஒரே அளவான மிதி, தையல் மெஷின் போல. பைகள் ஆடவில்லை. கீழே ஏரி ஒரு பச்சைத் துண்டாகக் கிடந்தது. அவள் பக்கவாட்டில் திரும்பி அதைப் பார்த்தாள், ஒரு கையை எடுத்துப் பையைத் துழாவி, எதையோ வாயில் போட்டுக்கொண்டாள். மல்லாட்டை உருண்டை.

“மெல்லப் போங்க,” என்றேன். “அவ பின்னாடியே போலாம்.”

பின் இருக்கையிலிருந்து மோரிஸ், அவருக்கும் நான் கொடுத்த உருண்டை ஒன்று வாயில் இருந்ததால் கொஞ்சம் தாமதமாக, மறுத்துச் சொன்னார்: ஏறுகிறவர் முதுகில் கார் உறுமிக்கொண்டு வருவதைப் போல வெறுப்பானது எதுவும் இல்லை. தள்ளி இடம் விட்டுத் தாண்டிப் போங்கள்.

வீட்டுக்காரர் தாண்டினார். திண்டிவனத்துப் பழக்கம் பாண்டிச்சேரிக்கும் உண்டு, தாண்டும்போது அன்பாக ஒரு ஹாரன் அடித்துவிட்டார். இந்த ஊரில் ஹாரன் என்பது வசவு. இனியா திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டினாள். எத்தனை விரல் என்பது கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த வளைவில் அவள் மறைந்தாள். அவளை முன்னால் போகவிட்டுப் பின்னால் காவல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. இப்போது அவள் பின்னால் இருந்தாள், நான் முன்னால் போய்க்கொண்டே இருந்தேன்.

8

சொன்னதைச் செய்தாள். இந்த ஒரு வருஷத்தில் எங்கே போகிறேன் என்று ஒரு முறையும் சொல்லவில்லை.

முதல் சில மாதம் எனக்கு வேறு வழி இருந்தது. திண்டிவனத்தில் அக்காவின் மகள் கயல், இனியா இணையத்தில் போடும் படங்களைப் பார்க்கிறவள். என் மகள் என் சமையலறை ஜன்னலில் தெரியும் மலையில் இருப்பாள். அந்தத் தகவல் திண்டிவனம் போய், அக்காவின் வாய் வழியாக எனக்குத் திரும்பி வரும். “உம்பொண்ணு இப்ப ஏதோ ஆட்டுக்குட்டி பக்கத்துல நின்னுக்கினு கீறா. சொட்டர் போடல.” அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் அக்கா இனியாவுக்கே போன் போட்டு, “மழையில ஏன்டி நனையற?” என்று கேட்டுவிட்டாள். அன்றோடு படங்களும் நின்றன.

பிறகு இருந்தது வெறும் சனிக்கிழமைகள். காலையில் சைக்கிள் பால்கனியில் இருக்காது, ஞாயிறு சாயங்காலம் வரை போன் அடிக்காது. ரோட்டில் பனி இருக்குமா, பிரேக் பிடிக்குமா, விழுந்தால் யார் பார்ப்பார்கள்? கேட்காதே என்று சொல்லியிருந்தாள், கேட்கவில்லை. கேள்வியை வாய்வரை கொண்டுவந்து, “தோசை போடட்டா?” என்று மாற்றிவிடுவேன். மல்லாட்டை உருண்டை டப்பாவைத் திறந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்றிரண்டு குறைந்தால் பக்கத்தில்தான். கைப்பிடி அளவு போயிருந்தால் கணவாய். ஒரு முறை டப்பாவே இல்லை. அந்த இரண்டு நாள் நான் என்ன சமைத்தேன், எதைச் சாப்பிட்டோம் என்று எனக்கு நினைவில்லை.

போன வாரம் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்த நேரம். இனியா சமையலறைக்கு வந்து, மேசை மேல் மாவைத் தள்ளிவிட்டு ஒரு வரைபடத்தை விரித்தாள். நீலமாக ஓர் ஏரி. போன வருஷத்து ஏரியைவிடப் பெரியது, இன்னும் உயரத்தில். விரலை வைத்தாள்.

“இங்க. மூணு ராத்திரி. இப்படி ஏறி, இப்படி எறங்கி.”

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். “ஏன் சொல்றே?”

“நீதான் கேக்கவே இல்லியே.”

அந்த நீலத்தின் மேல் ஒட்டியிருந்த மாவை நான் துடைத்தேன்.

“பயமா இருந்துச்சா?” என்றாள்.

“இருந்துச்சு.”

“எனக்கும் இருக்கும். மொத ரெண்டு வளைவு வரைக்கும். அப்புறம் போயிடும்.” வரைபடத்தை மடித்தாள். “உங்கிட்ட மட்டும்தான் சொல்லிக்கினு கீறேன். பெரிம்மாவுக்குத் தெரியக் கூடாது.”

“அப்பாவுக்கு?”

“அப்பாவுக்குத் தெரிஞ்சா பெரிம்மாவுக்குத் தெரிஞ்ச மாதிரி.”

இன்று காலை புறப்பட்டுப் போனாள். வாசலில் நின்று பார்த்தேன். இந்த முறை காரும் இல்லை, காயும் இல்லை. இதை நீங்கள் படிக்கும்போது திரும்பி வந்திருப்பாள். இருந்தாலும் ஏரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை, வளர்மதியும் இந்தப் பத்திரிகை வாங்குகிறவள்தான்.

மத்தியானம் அக்கா கூப்பிட்டாள்.

“கயல்கிட்ட உங்கூட்டுக்காரரு சொன்னாராம், இனியா சைக்கிள் எடுத்துக்கினு கெளம்பிட்டாளாமே. எங்க போயிருக்கா?”

“தெரியலயேக்கா.”

“இன்னாடி தெரியலன்றே? பெத்தவகிட்ட சொல்லிட்டுப் போவலயா?”

“எங்கக்கா சொல்றா.” ஒரு பெருமூச்சும் விட்டேன்.

“ஐயோ பாவம்டி நீ,” என்றாள் அக்கா. உண்மையாகவே குரல் தழுதழுத்தது. பிறந்ததிலிருந்து அவளிடம் எதையும் மறைத்ததில்லை. முதல் முறை இவ்வளவு நன்றாக வரும் என்று எனக்கே தெரியாது.

போனை வைத்தேன். சோபாவில் வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கொஞ்சம் இறக்கினார். அதற்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

“நெசமாவே உனக்குத் தெரியாதா?”

“தெரியாதுங்க,” என்றேன்.